பொறுமைப் புள்ளி

"அம்மா, நம்ம வீட்டுக்குக் கரண்ட்டு வரும்போது யாரு வீட்ல குறையும்?"

எபி இதைக் கேட்டபோது அவனுக்கு நாலு வயது. மின்வெட்டு முடிந்து விசிறி அப்போதுதான் சுற்றத் தொடங்கியிருந்தது. அடுப்படியில் நின்ற பியூலா தோசைக்கரண்டியும் கையுமாகச் சிரித்துவிட்டாள்.

"யாரு வீட்லயும் குறையாதுல. கரண்ட்டு என்ன தோசையா, நீ ரெண்டு கூடத் தின்னா எனக்கு இல்லாமப் போறதுக்கு?"

மின் பகிர்மானக் கழகத்தில் உதவி செயற்பொறியாளராக இருந்த ஒருத்தி தன் பிள்ளைக்குச் சொன்ன பதில் அது. அது சரியான பதில் இல்லை என்று அவள் தெரிந்துகொள்ள மூன்று வருடம் ஆனது. தெரிந்துகொண்ட அந்த ஒரு பிற்பகலை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு உள்ளங்கை வியர்க்கிறது.

அந்த ஆண்டு மே மாதம் நல்லமங்கலத்தில் வெயில் நாற்பத்தெட்டைத் தாண்டியது. மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரில் கை வைக்க முடியாது. பதினோரு மணிக்கு மேல் கடைவீதியில் நாய்கூட நடமாடாது. ஊருக்கு வேண்டிய மின்சாரத்தில் எப்போதும் கொஞ்சம் பற்றாக்குறை. பழைய ஏற்பாட்டில் அதற்கு ஒரே வழிதான் உண்டு. ஒரு தெருவை இரண்டு மணி நேரம் முழுசாக அணைப்பார்கள், பிறகு அடுத்த தெரு. பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கும் அணையும், பிள்ளை பெற்ற வீட்டுக்கும் அணையும்.

புதுத் திட்டம் அப்படியில்லை. கம்பமும் கம்பியும் மாறுவதோடு வீட்டுக்கு வீடு புது மீட்டர் வரும். மீட்டருக்குள்ளேயே ஒரு சுவிட்ச் இருக்கும். ஊரிலுள்ள ஒன்பதாயிரம் மீட்டரையும் ஒருசேரப் பார்த்து, இந்த நேரத்தில் எந்த வீட்டை நிறுத்தினால் கஷ்டம் குறைவு என்று கணக்கிட்டு நிறுத்துகிற மூளை ஒன்றும் உண்டு. அதற்குச் சமன் என்று பெயர் வைத்திருந்தார்கள். இரண்டு வருடம் உட்கார்ந்து திட்ட அறிக்கையை எழுதியவள் பியூலா. வெள்ளோட்டம் நல்லபடியாக முடிந்தால் அன்று மாலையே அவள் கையெழுத்திடுவாள். ஆறு மாதத்தில் தென்மாவட்டம் முழுவதும் சமனின் கைக்குப் போய்விடும்.

வெள்ளோட்டம் பகல் ஒன்று ஐந்துக்குத் தொடங்கியது. ஐந்து ஐந்துக்கு முடிய வேண்டும். சென்னையிலிருந்து வந்திருந்த நிவேதன் என்ற இளம் பொறியாளர் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அலுவலக உதவியாளர் தங்கபுஷ்பம் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, போக மனமில்லாமல் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அது எப்படி சார், யாரு வீட்டை நிப்பாட்டணும்னு அதுக்குத் தெரியும்?"

"யாரால தாங்க முடியும்னு பாக்கும்க்கா. கரண்ட் போன உடனே போன் பண்ணி சத்தம் போடுறாங்கன்னா அந்த வீட்டுல ஏதோ அவசரம்னு அர்த்தம். வருஷக்கணக்கா ஒரு புகார்கூட குடுக்கலன்னா அவங்களால தாங்க முடியுதுன்னு அர்த்தம். அதை வச்சு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு புள்ளி. பொறுமைப் புள்ளி. புள்ளி ஜாஸ்தியா இருக்கிற வீட்டைத்தான் முதல்ல நிறுத்தும். இது மேடத்தோட யோசனை."

"அப்ப எங்க வீட்டுல கரண்ட்டே நிக்காது" என்றாள் தங்கபுஷ்பம். "எங்க வீட்டுக்காரரு வாயைத் தொறந்தாலே புகார்தான்."

மூவரும் சிரித்தார்கள். பியூலாவுக்கு உள்ளுக்குள் ஒரு நிறைவும் இருந்தது. அந்த யோசனையைக் கர்வத்தில் எழுதியவள் அல்ல அவள். துன்பப்படுகிறவன் கூப்பிடுவான், கூப்பிடுகிற குரலுக்கு இந்த இயந்திரமாவது செவி சாய்க்கட்டும் என்று ஜெபித்துவிட்டுத்தான் அந்தப் பக்கத்தை எழுதினாள். மனிதர் செய்கிற தவறுகளில் மிகவும் பயப்பட வேண்டியது, நல்ல எண்ணத்தோடு செய்கிற தவறுதான். அதற்கு மட்டும் மனசாட்சி முன்கூட்டிக் குரைப்பதில்லை.

சமன் இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகளை நிறுத்தியிருந்தது. ஏறக்குறைய எல்லாமே கீழத்தெருவும் அதை ஒட்டிய சந்துகளும். பதினோரு வருடத்தில் ஒரு புகார்கூடப் பதிவாகாத பகுதி. ஆஸ்பத்திரியில் விளக்கு ஆடவில்லை, ஐஸ் பேக்டரி ஓடியது, கூட்டுறவு வங்கியில் கணினி நிற்கவில்லை. எங்கிருந்தும் ஒரு போன் வரவில்லை. அந்த அமைதியைப் பார்த்து, 'என்ன பொறுமைசாலி ஜனம்!' என்று பியூலா வியந்துகொண்டாள். வீட்டில் எபி காய்ச்சலோடு படுத்திருந்தான். இடையில் போன் செய்தபோது, "ஏசி ஓடுது, நல்லாத் தூங்குதான், நீ கவலைப்படாத" என்று கணவன் ஸ்டான்லி சொன்னான்.

இரண்டு ஐம்பதுக்கு லைன்மேன் மூக்காண்டி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். கீழத்தெருப் பக்கத்துக்கு இருபது வருடமாக அவர்தான் லைன்மேன். அன்றைக்குக் காலையிலிருந்து பக்கத்து ஊரில் புது மீட்டர்ப் பயிற்சியில் இருந்தார். பயிற்சிக்கூடத்தில் எல்லார் போனையும் வாங்கி ஒரு பெட்டியில் போட்டுவிட்டார்களாம். வெளியே வந்து எடுத்துப் பார்த்தவர் பஸ்ஸுக்கும் காத்திராமல் லாரியில் ஏறி வந்திருக்கிறார்.

"யம்மா, கீழத்தெருவுல கரண்ட்டு இல்லையா?"

"நிறுத்தியிருக்கு அண்ணாச்சி. ஏன்?"

"எத்தனை மணிலருந்து?"

"ஒண்ணு அஞ்சு."

மூக்காண்டி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு போனைப் பியூலாவின் முகத்துக்கு நேரே நீட்டினார். ஒரே எண்ணிலிருந்து பதினேழு அழைப்புகள். எதையும் அவர் எடுத்திருக்கவில்லை.

"பதினாலாம் நம்பர் வீட்டு செண்பகவல்லியக்காம்மா. அவ வீட்டுக்காரரு நயினார் சாருக்கு ஆக்சிஜன் மெசினு ஓடுது. நின்னா கூடவுள்ள பேட்டரி ரெண்டு மணி நேரம் தாங்கும். அதுக்கு மேல தாங்காது."

நிவேதன் பட்டியலைப் புரட்டினார். "மருத்துவ விலக்குப் பட்டியல்ல அவங்க பேரு இல்லையே, அண்ணா. டாக்டர் சான்றிதழ் குடுத்திருந்தா அந்த வீட்டை நிறுத்தியே இருக்காது."

"எழுதிக் குடுக்கல சார். எதுக்கு எழுதணும்? கரண்ட்டு போச்சுன்னா அக்கா எனக்கு ஒரு போன் போடுவா. ஆஸ்பத்திரி லைன்லருந்து ஒரு ஒயரை இழுத்து வச்சிருந்தேன், போயி அதுல மாத்திவிட்டுருவேன். சட்டப்படி தப்புதான், எனக்குத் தெரியும். புதுக் கம்பம் நட்டப்ப அதையும் சேத்து உருவிட்டானுவ."

"பதினோரு வருஷமா ஒரு புகார்கூட இல்லையே அண்ணாச்சி!" பியூலாவின் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

"எப்படிம்மா இருக்கும்? புகார் நம்பருக்கு அடிச்சா அது மேல போவும், மேலருந்து எனக்கு மெமோ வரும். மூக்காண்டிக்கு மெமோ வந்துரக் கூடாதுன்னு கீழத்தெருவுல ஒரு ஆளு அந்த நம்பரைத் தொட மாட்டாவ. எதுன்னாலும் நேரா எனக்குத்தான் அடிப்பாவ. நானும் உடனே போயி நிப்பேன்."

பியூலா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். இருபது வருடமாக ஒரு மனிதர் ஓடி ஓடிச் செய்த உதவி எந்த ஏட்டிலும் ஏறவில்லை. அவர் மேல் பழி வரக்கூடாது என்று ஒரு தெருவே வாய் மூடி இருந்ததும் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. ஏட்டில் இருந்தது வெறும் பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தைத்தான் அவள் பொறுமை என்று இயந்திரத்துக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

"நிவேதன், அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் போட்டுவிடுங்க. இப்பவே."

"முடியாது மேடம்." அவர் முகமும் வெளுத்திருந்தது. "வெள்ளோட்டம் முடியிற வரைக்கும் இங்கிருந்து யாரும் கை வைக்க முடியாது. கவுன்சிலர் சொன்னாரு, எம்.எல்.ஏ. சொன்னாருன்னு மாத்திடக் கூடாதுன்னு நாமதானே பூட்டச் சொன்னோம்? திறக்கிறதுக்குத் தலைமை அலுவலகத்துல மூணு அதிகாரிங்க சேர்ந்து ஒப்புதல் தரணும். நான் இப்பவே கூப்பிடறேன். ஆனா அவங்களைச் சேர்த்துப் பிடிக்கிறதுக்குள்ள…"

"வேற வழி?"

"புகார். அந்த வீட்டோட பதிவு பண்ணின நம்பர்லருந்து ஒரு புகார் வந்தாப் போதும், புள்ளி இறங்கிடும். கால் மணிக்கு ஒரு தடவை அது புள்ளியைத் திரும்பப் பார்க்கும். மூணு மணிக்குப் பார்க்கறதுக்கு இன்னும் அஞ்சு நிமிஷம்தான் இருக்கு."

லாரியில் வரும்போதே கூப்பிட்டுப் பார்த்த அந்த எண்ணை மூக்காண்டி மறுபடி கூப்பிட்டுக்கொண்டிருந்தார். செண்பகவல்லியின் போன் அணைந்துபோயிருந்தது. பதினேழு முறை கூப்பிட்டதில் சார்ஜ் தீர்ந்திருக்க வேண்டும். அக்கம்பக்கத்து எண்கள் எதையும் அவர் பேர் போட்டுச் சேமித்து வைத்ததில்லை. அவரைத்தான் எல்லாரும் கூப்பிடுவார்கள், அவர் யாரையும் கூப்பிட்டதில்லை.

பியூலாவின் ஸ்கூட்டரில் இருவரும் கிளம்பினார்கள். காற்று அடுப்பைத் திறந்தாற்போல் முகத்தில் அடித்தது. ரயில்வே கேட் மூடியிருந்தது. வராத ரயிலுக்காக ஒன்பது நிமிடம் நின்றார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த மூக்காண்டியின் மூச்சு அவள் கழுத்தில் சுட்டது. 'ஆண்டவரே, அந்தக் கதவு திறக்கணும்' என்று பியூலா மனதுக்குள் சொன்னாள். வேறு ஜெபம் எதுவும் அவளுக்கு வரவில்லை. இதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

கீழத்தெருவில் நுழைந்தபோது மணி மூன்று பத்து. இரண்டு பக்கமும் கதவுகள் சாத்தியிருந்தன. ஒரு ரேடியோ இல்லை, ஒரு மிக்ஸி இல்லை, குழந்தை அழுகிற சத்தம்கூட இல்லை. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் திரையில் பார்த்து வியந்த அதே அமைதிதான். பக்கத்தில் வந்து நின்று கேட்டபோது அதற்குள் என்ன இருக்கிறதென்று அவளுக்குத் தெரியவில்லை. பொறுத்துக்கொண்டு கிடக்கிறார்களா, இல்லை அதையும் கடந்துவிட்டார்களா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

பதினாலாம் நம்பர் வாசலில் ஒரு பேட்டரி ஆட்டோ, சுவரை உரசினாற்போல் நின்றது. மூக்காண்டி கதவைத் தட்டினார்.

"யக்கா!"

பதில் இல்லை. மறுபடி தட்டினார்.

தாழ்ப்பாள் அசைந்தது. நடுத்தர வயது மனிதர் ஒருவர், சட்டையில்லாமல் ஈரத்துண்டைத் தோளில் போட்டபடி கதவைத் திறந்தார். எதிர்வீட்டு மைதீன்; ஆட்டோ அவருடையது. "சத்தம் போடாதீய, உள்ள வாங்க" என்றார். ஆட்டோவின் பேட்டரியிலிருந்து ஒரு ஒயர் ஜன்னல் வழியாக உள்ளே போயிருந்தது. கட்டிலில் நயினார் சார் கண்மூடிக் கிடந்தார். மூக்கில் குழாய். கட்டிலடியில் ஆக்சிஜன் இயந்திரம் புஸ், புஸ் என்று ஓடிக்கொண்டிருந்தது. தலைமாட்டில் உட்கார்ந்து செண்பகவல்லி ஓலை விசிறியால் வீசிக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டியா தம்பி" என்றாள், ஒரு குற்றச்சாட்டும் இல்லாமல். "நீ எதும் வேலையா இருப்பன்னு நெனச்சேன்."

மூக்காண்டி வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"காலைல ரெண்டு சவாரி போயிட்டேன்" என்றார் மைதீன். "மிச்ச சார்ஜுலதான் ஓடுது. இன்னும் கால் மணி நேரம் வரும். அதுக்கு மேல வராது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவலாம்னா, இந்த வெயில்ல மெசினு இல்லாம வழியிலயே மூச்சு நின்னுரும்."

பியூலா விஷயத்தைச் சொன்னாள். மூன்று முப்பதுக்குள் இந்த வீட்டு எண்ணிலிருந்து ஒரு புகார் போக வேண்டும் என்றாள். செண்பகவல்லி விசிறியை நிறுத்தாமல் கேட்டாள்.

"புகாரா? யாரு மேல?"

"என் மேலதான்க்கா" என்றார் மூக்காண்டி. "லைன்மேன் வரலன்னு சொல்லு."

"போலே கிறுக்குப் பயலே. ஆடியோட உனக்கு ரிட்டயர்மெண்ட்டு. இந்த நேரத்துல எவனாவது ஒரு கோடு கிழிச்சு பென்சனை நிப்பாட்டிட்டான்னா உம்பொண்டாட்டி முகத்துல நான் முழிக்க முடியுமா? அஞ்சு மணிக்குத்தான் வந்துருமே. பாத்துக்கிடலாம்."

"பாத்துக்கிடலாமா? சாரைப் பாருக்கா! நீ என்னைய என்ன வேணும்னாலும் சொல்லு. குடிகாரன்னு சொல்லு. சொன்னாத்தான் உனக்குப் புண்ணியம்!"

"நீ குடிக்கவே மாட்டியேல."

"ஏ, இப்ப அதுவா பேச்சு!" என்று மைதீன் தலையில் அடித்துக்கொண்டார்.

பியூலா தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். "அக்கா, இந்தத் தப்பைச் செஞ்சது நான். அவரு இல்ல. நீங்க சொல்ற புகாருக்கு நான் பதில் சொல்லுதேன். அவரு பேருக்கு ஒண்ணும் வராது. உங்க காலைத் தொட்டுச் சொல்லுதேன்."

செண்பகவல்லி முதல்முறையாக விசிறியை நிறுத்தினாள். அணைந்த போனைத் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்து நீட்டினாள். மூக்காண்டி அதிலிருந்து சிம் கார்டைக் கழற்றித் தன் போனில் போட்டார். அவசரத்தில் அது இரண்டு முறை கீழே விழுந்தது. மூன்று இருபத்தொன்றுக்கு இணைப்புக் கிடைத்தது. பதிவு செய்கிற குரல், புகாரைச் சொல்லும்படி கேட்டது.

"கீழத்தெரு பதினாலு" என்று தொடங்கிய செண்பகவல்லி நிமிர்ந்தாள். எதிரில் நிற்கிற மனிதரைப் பார்த்தபடியே, "கரண்ட்டு இல்ல. லைன்மேன் மூக்காண்டி… வரவே இல்ல. எங்களத் திரும்பிக்கூடப் பாக்கல" என்று சொல்லி முடித்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்சம் காரமாச் சொல்லிருக்கலாம்" என்றார் மூக்காண்டி. அவர் கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

மூன்று இருபத்தாறுக்கு ஆட்டோவின் பேட்டரி தீர்ந்தது. இயந்திரம் நீளமாக ஒரு தரம் அலறிவிட்டு நின்றது. பிறகு அந்த அறையில் நயினார் சாரின் மூச்சு மட்டும் கேட்டது. நான்கு நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று பியூலா அதற்கு முன்னால் அறிந்ததில்லை. அவள் அவர் கையைப் பிடித்திருந்தாள். நகம் மெல்ல நீலம் பாரித்தது. அவர் கண்ணைத் திறந்து அவளை யாரென்று தெரியாமல் பார்த்தார். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் அவளும் மூச்சை நிறுத்திக்கொண்டாள். மைதீன் முணுமுணுவென்று ஓதிக்கொண்டிருந்தார். செண்பகவல்லி வீசிக்கொண்டே, "இந்தா வந்துரும், இந்தா வந்துரும்" என்று பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மேலே விசிறி ஒருமுறை முனகியது. இயந்திரம் புஸ் என்றது.

யாரும் சந்தோஷப்பட்டுக் கத்தவில்லை. மூக்காண்டி வெளியே போய் ஒவ்வொரு வீடாகத் தட்டத் தொடங்கினார். "என் மேல ஒரு புகார் குடுங்க, சீக்கிரம் குடுங்க" என்று அவர் கெஞ்சுகிற சத்தமும், "வெயில்ல மூளை உருகிட்டா அண்ணாச்சி?" என்று யாரோ கேட்கிற சத்தமும் உள்ளே வந்தன. அடுத்த கால் மணிக்குள் எழுபத்து மூன்று வீடுகள் மூக்காண்டியைத் திட்டிப் புகார் பதிந்தன. அத்தனை வீட்டிலும் விளக்கு வந்தது.

அப்போதுதான் பியூலா தன் போனில் ஊரின் வரைபடத்தைப் பார்த்தாள். நிறுத்தப்பட்ட வீடுகளின் எண்ணிக்கை குறையவே இல்லை. இருள் கீழத்தெருவை விட்டு, ஊருணித் தெருவுக்கு நகர்ந்திருந்தது. அடுத்தபடியாக வாய் திறக்காதவர்கள் அங்கேதான் இருந்தார்கள்.

அங்கே எந்த வீட்டில் என்ன இயந்திரம் ஓடுகிறது? யாருக்கும் தெரியாது. கேட்டுவைக்க அங்கே ஒரு மூக்காண்டியும் இல்லை.

ஐந்து ஐந்து வரைக்கும் பியூலாவும் மூக்காண்டியும் மைதீனும் ஊருணித் தெருவில் கதவு கதவாகத் தட்டினார்கள். "உள்ள யாரும் சீக்காளி இருக்காவளா? கைப்பிள்ளை இருக்கா?" ஒரு வீட்டில் மயங்கிக் கிடந்த கிழவரை மைதீன் தூக்கிக்கொண்டு ஓடினார். ஒரு வீட்டில் கதவு திறக்கவே இல்லை. கால் மணி நேரம் தட்டிய பிறகு அது ஆளில்லாத வீடு என்று பக்கத்தில் சொன்னார்கள். அந்தக் கால் மணி நேரத்தை இன்றைக்கும் பியூலா கனவில் காண்கிறாள்.

அவள் அலுவலகத்துக்குத் திரும்பியபோது நிவேதன் மோரைக்கூடத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். தலைமை அலுவலகத்தின் மூன்று அதிகாரிகளில் இரண்டு பேரைத்தான் அவரால் பிடிக்க முடிந்ததாம்.

"அந்த சார்…?"

"இருக்காரு."

அவர் முகத்தைக் கைகளால் தேய்த்துக்கொண்டார். பிறகு, "வெற்றின்னு அறிக்கை வந்திருக்கு மேடம்" என்றார். "ஒரு பயன்பாட்டாளருக்கும் பாதிப்பில்லைன்னு போட்டிருக்கு. கூடவே ஒரு புது அட்டவணை. எந்த வீடு விட்டுக்குடுத்தது எந்த வீட்டுக்குப் போச்சுன்னு ஜோடி சேர்த்துக் காட்டுது. நிஜத்துல கரண்ட் அப்படி வீடு பார்த்து ஓடாது. ஆனா கணக்கு அப்படித்தான் நேர் ஆகுது."

பியூலா கேட்க நினைக்கவில்லை. ஆனால் கேட்டுவிட்டாள். தன் வீட்டு இணைப்பு எண்ணைச் சொன்னாள்.

நிவேதன் தட்டிப் பார்த்தார். திரையை அவள் பக்கம் திருப்பினார். அவளே குனிந்து படித்தாள். பகல் ஒன்று ஐந்து முதல் மூன்று முப்பது வரை, அவள் வீட்டுக்கு விட்டுக்கொடுத்த வீடு கீழத்தெரு பதினாலு.

எபி நன்றாகத் தூங்கிய இரண்டு மணி இருபத்தைந்து நிமிடம் அது.

தாயாகப் பார்த்தால், வேண்டாம் என்று சொல்லக் கூடிய நேரம் இல்லை அது. அந்தக் குளிர்ச்சியில்தான் பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கியிருந்தது. வாங்கியதைத் திருப்பி எறிய முடியாது. யாரிடம் வாங்கினோம் என்பதை மறக்கவும் முடியாது.

அன்று மாலை அவள் கையெழுத்துப் போடவில்லை. அறிக்கையின் தலைப்பக்கத்தில், 'புகார் இல்லாமையைப் பொறுமை என்று எழுதியது என் பிழை. புகார் இல்லாத வீட்டைப் பட்டியலில் சேர்க்குமுன் ஒரு மனிதர் நேரில் போய்க் கதவைத் தட்டிக் கேட்க வேண்டும்' என்று எழுதித் திருப்பி அனுப்பினாள். மேலதிகாரி போனில் அரை மணி நேரம் சத்தம் போட்டார். இத்தனை கோடி ரூபாய்க்கு மூளை வாங்கிவிட்டு, கதவு தட்டுவதற்கு ஆள் கேட்கிறாயே என்றார். அவள் வாழ்க்கையில் முதல் மெமோ வந்தது. அத்தனை புகாருக்காகவும் மூக்காண்டி மேல் விசாரணை வந்தபோது, எல்லாம் தன் சொல்படி நடந்தவை என்று எழுதிக் கொடுத்து, அதற்கும் ஒரு மெமோ வாங்கிக்கொண்டாள். கடைசியில், ஊருணித் தெருவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போன கிழவரின் மகன் எழுதிய கடிதமோ, வேறு எதுவோ, மேலே யாரோ ஒருவர் மனதைத் தொட்டது. கதவு தட்டும் விதி ஏற்கப்பட்டது. நல்லமங்கலத்தில் இரண்டு வாரம் மூக்காண்டியும் இன்னும் ஆறு பேரும் ஒன்பதாயிரம் கதவுகளைத் தட்டினார்கள்.

ஜூன் மாதம் இரண்டாம் வெள்ளோட்டம் நடந்தது. வெயில் குறைந்திருக்கவில்லை. அன்று ஸ்டான்லி எபியைக் கண் டாக்டரிடம் காட்டப் பாளையங்கோட்டைக்குக் கூட்டிப் போயிருந்தான். பியூலா உடம்பு சரியில்லை என்று சொல்லி மதியத்துக்கு மேல் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

தானாக விட்டுக்கொடுக்கிற வீடுகளுக்குப் புதுத் திட்டத்தில் ஓர் ஏற்பாடு உண்டு. முன்கூட்டிப் பதிந்தால் நன்றி தெரிவித்துக் கடிதம் வரும், அலுவலகப் பலகையில் பேர் போடுவார்கள். அவள் பதியவில்லை. ஒன்று ஐந்துக்கு நடையிலிருந்த மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தாள். ஏசி நின்றது. குளிர்சாதனப் பெட்டியின் முனகல் அடங்கியது. கூடத்தில் தரையில் ஈரத்துண்டை விரித்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

முதல் அரை மணி நேரம் ஜெபம் செய்தாள். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. சுவர் முதுகைச் சுட்டது. ஒரு கட்டத்தில் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டபோது, எழுந்து சுவிட்ச் வரைக்கும் போனாள். கையை வைத்தாள். எழுந்து போகக் கூடியவளாக இருப்பதே எவ்வளவு பெரிய சலுகை என்று தோன்றியது. கையை எடுத்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

ஊருக்குள் எங்கோ ஒரு வீட்டில் அந்த நேரத்தில் விசிறி நிற்காமல் சுற்றியிருக்கும். எந்த வீடென்று அட்டவணையைத் திறந்தால் தெரியும். அவள் அன்றும் திறக்கவில்லை, பிறகும் திறக்கவில்லை.

மூன்று முப்பதுக்குச் சுவிட்சை மேலே தள்ளினாள். முகம் கழுவி, நனைந்த சேலையை மாற்றி, துண்டைப் பிழிந்து கொடியில் போட்டாள்.

அந்த இரண்டு மணி இருபத்தைந்து நிமிடத்துக்கு நேராகச் சமன் தன் பதிவேட்டில் இப்படி எழுதி வைத்திருந்தது: 'வீடு பூட்டியிருக்கிறது. உள்ளே ஆள் இல்லை.'